எட்டாவது குவியல்

காலை ஐந்தே கால் மணி. வார்டு ஆபீஸ் வராந்தாவில் இருபது பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஆளுக்கு ஒரு துடைப்பம். சுவரில் திருகி வைத்திருந்த பெட்டி ஒவ்வொருத்தியிடமும் கட்டைவிரலைக் கேட்டது. விரல் பிடித்துப்போனால் பச்சை விளக்கு எரிந்து, "நன்றி" என்று ஒரு பெண்குரல் சொல்லும். பிடிக்காவிட்டால் சிவப்பு. "மீண்டும் முயற்சிக்கவும்."

பெட்டி வந்து எட்டு மாதம் ஆகிறது. அதற்கு முன்னால் நோட்டுதான். காண்ட்ராக்டரின் ஆட்கள் நோட்டில் இல்லாத பேரையெல்லாம் எழுதிச் சம்பளம் வாங்கியது வெளியே வந்தது. எழுதினவனை விட்டுவிட்டுக் கூட்டுகிறவளின் விரலைப் பிடித்துக்கொண்டார்கள். ஆறு மணி அடித்தால் பெட்டியின் சின்னத் திரையில் வராதவர்களின் எண் ஒவ்வொன்றாக ஓடும். எட்டு மணிக்குள் வந்து விரல் வைத்தால் அந்த எண் அழியும். இல்லாவிட்டால் அன்றைக்கு அவள் வரவில்லை.

பதினைந்து வருஷம் துடைப்பக் கம்பைப் பிடித்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? கம்பு தின்றது போக மிச்சத்தை பிளீச்சிங் பவுடர் தின்றுவிடும். பெண்கள் விரலைத் தலைமுடியில் தேய்த்தார்கள். ஊதினார்கள். கன்னத்தில் வைத்துச் சூடாக்கினார்கள்.

நெட்டை நாலாவது முறை வைத்தாள். சிவப்பு.

"எம் மாமியா கூட என்னை இவ்வளவு மரியாதையா வெரட்டினதில்லைடி," என்றாள். வரிசை சிரித்தது.

"நக்கி வைடி," என்றாள் அவளுக்குப் பின்னால் நின்ற கட்டை.

"நக்கியாச்சு. ஊரு எச்சிலெல்லாம் அதுலதான் இருக்கு. அதுவும் கண்ணாடி, என் விரலும் கண்ணாடி. கண்ணாடிக்குக் கண்ணாடியைக் காட்டினா என்ன தெரியும்?"

நெட்டை அந்த ஆபீஸில் எல்லா ஆம்பிளையையும் விட உயரம். கட்டை அவள் அக்குள் மட்டத்துக்குத்தான் வருவாள். பன்னிரண்டு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்துப் பங்கில் கூட்டுகிறவர்கள். இரண்டு பேருக்கும் நிஜப் பேர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

மேஸ்திரி போனிலிருந்து தலையைத் தூக்கினார். முப்பது வயசு. காண்ட்ராக்டரின் மச்சானுக்கு ஏதோ சொந்தம். "ஏம்மா, வரிசை நிக்குது பாரு. போய் ரோட்டைப் பாருங்க. எட்டு மணிக்கு வந்து வைக்கலாம்."

அது வழக்கம்தான். விரல் விழாதவர்கள் போய்க் கூட்டிவிட்டு, நடுவில் சூடான டீ கிளாஸை உள்ளங்கையில் வைத்து உருட்டி, விரல் கொஞ்சம் உப்பியதும் வந்து வைப்பார்கள். அப்போது பெட்டி நன்றி சொல்லும். கட்டைக்கு அன்றைக்கு முதல் முறையிலேயே சொன்னது.

"உனக்கு மட்டும் என்னடி உறவு அதுகூட?" என்று கேட்டபடி நெட்டை தள்ளுவண்டியை எடுத்தாள்.

அவர்களுடைய பங்கு பெரிய ரோடு. போன வருஷம் அதை அகலப்படுத்தினார்கள். நடைபாதையை வெட்டி எடுத்தார்கள், இருந்த மரத்தை எடுத்தார்கள், நடுவில் இடுப்புயரம் சுவர் வைத்தார்கள். ஜனங்கள் கடக்க ஒரு சந்து விட்டால் என்ன என்று கேட்டதற்குப் பின்னால் பார்க்கலாம் என்றார்கள். வண்டிகள் கிளப்பும் மணலெல்லாம் அந்த நடுச்சுவர் ஓரம்தான் சேரும். அது நெட்டையின் பங்கு. எதிரே கடை ஓரம் கட்டையின் பங்கு.

நடுச்சுவரை ஒட்டிக் கூட்டுகிறவள் வண்டிகளுக்கு முதுகைக் காட்டித்தான் கூட்டவேண்டும். எதிர்த்து நின்று கூட்டினால் போகிற வண்டியின் காற்று, கூட்டின மண்ணைத் தூக்கித் திரும்பவும் கூட்டின இடத்திலேயே போடும். ஒளிரும் சட்டை இருபது ஒருமுறை வந்தது. போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். எடுத்ததும் கழற்றி மடித்து அட்டைப்பெட்டியில் போட்டு அலமாரியில் பூட்டினார் மேஸ்திரி. அழுக்காகிவிடுமாம்.

கட்டை நாற்பதடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் நனைந்த தார்ப்பாயை உதறுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. திரும்பினாள். ஒரு சரக்கு வேன் நடுச்சுவரை உரசிக்கொண்டு கோணலாக நின்றது. டிரைவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான், அப்போதுதான் தூங்கி எழுந்தவன் மாதிரி. நெட்டையின் தள்ளுவண்டி நின்ற இடத்திலேயே நின்றது. நெட்டை வேனுக்கு இருபதடி முன்னால் கிடந்தாள்.

ஆம்புலன்ஸ் வர நேரமானது. வந்தவன் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தான். பார்த்த பிறகு அவசரப்படவில்லை. ஒரு போலீஸ்காரர் வேனையும் நெட்டையையும் மட்டும் போனில் நாலு படம் எடுத்தார். அவளை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். டிரைவரை உட்கார வைத்து அதே வேனை ஸ்டேஷனுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். கூடினவர்களுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. கட்டை நின்ற இடத்தில் நின்றாள்.

பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். யாரும் சொல்லவில்லை.

நெட்டை ஏழு குவியல் சேர்த்து வைத்திருந்தாள், பத்தடிக்கு ஒன்றாக. எட்டாவது பாதியில் நின்றது. போகிற வண்டிகளின் காற்று அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைத்துக்கொண்டிருந்தது. கட்டை அதைக் கூட்டி முழுசாக்கினாள். எட்டையும் தகரத்தால் அள்ளித் தள்ளுவண்டியில் போட்டாள். ரத்தத்தின் மேல் மணலைக் கொட்டி, ஊறவிட்டு, சுரண்டி அள்ளினாள். மேலே பிளீச்சிங் பவுடர் தூவினாள். நெட்டையின் துடைப்பக் கம்பு இரண்டாக முறிந்து கிடந்தது. அதையும் வண்டியில் போட்டாள். பின்பு மிச்சமிருந்த முந்நூறு அடியையும், சிக்னல் வரைக்கும், ஒரு காகிதம் விடாமல் கூட்டி முடித்தாள். அவள் பங்கு பாக்கி நின்றது என்று நாளைக்கு ஒருத்தன் சொல்லக் கூடாது. அது ஒன்றுதான் அவள் மனசில் இருந்தது. குப்பை லாரி வந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போனது.

மேஸ்திரி பைக்கில் வந்து இறங்கியபோது ரோடு துடைத்துவிட்ட தட்டு மாதிரி இருந்தது. பவுடர் வெள்ளையாகத் தெரிந்தது. அவர் அப்படியும் இப்படியும் பார்த்தார்.

"நல்ல காரியம் பண்ணினீங்கம்மா," என்றார்.

*

நாலாம் நாள் நெட்டையின் புருஷனும் மகளும் வார்டு ஆபீஸுக்கு வந்தார்கள். கட்டையும் கூட வந்தாள். புருஷன் பஞ்சர் ஒட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். மகள் துணிக்கடையில் நிற்கிறாள். கடையில் அரைநாள் லீவு கொடுத்திருந்தார்கள்.

வேலையில் இருக்கும்போது செத்தாள் என்று ஒரு கடிதம் வேண்டும். அது இருந்தால்தான் காண்ட்ராக்டர் பொறுப்பு. இன்ஷூரன்ஸும் அதை வைத்துத்தான். மேஸ்திரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார், தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கட்டைக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது. அந்த ஆபீஸில் பன்னிரண்டு வருஷத்தில் யாரும் அவளை உட்காரச் சொன்னதில்லை.

"எனக்கும் மனசு கேக்கலை," என்றார் மேஸ்திரி. "ஆனா நான் என்ன பண்ண முடியும்? மிஷின்ல அன்னிக்கு அந்தம்மா வரலைன்னு இருக்கு."

"வந்தா. வரிசையில எனக்கு முன்னால நின்னா. நீங்கதான் எட்டு மணிக்கு வந்து வைக்கச் சொன்னீங்க," என்றாள் கட்டை.

"நான் சொன்னேனா? இருக்கலாம். தினம் ஆயிரம் சொல்றேன். எட்டு மணிக்கு வந்து வச்சாங்களா? இல்லையே."

புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள்தான் கேட்டாள். "எட்டு மணிக்கு எங்கம்மா எப்படி சார் வருவாங்க? ஆறேகாலுக்கே போயிட்டாங்களே."

"அது எனக்குத் தெரியுதும்மா. பேப்பருக்குத் தெரியணுமே. போலீஸ் அறிக்கையும் நான் பார்த்துட்டேன். ரோட்டைக் கவனிக்காம கடந்த பாதசாரின்னு இருக்கு. கூட்டிக்கிட்டு இருந்தாங்கன்னா குவியல் இருக்கணும், துடைப்பம் இருக்கணும், வண்டி இருக்கணும். போலீஸ் பதினோரு மணிக்கு வந்து அளந்தாங்க. ஒண்ணுமே இல்லை. ரோடு சுத்தமா இருந்துச்சு." கட்டையைப் பார்த்தார். "நீங்கதானே சுத்தம் பண்ணினீங்க. நானே பாராட்டினேன்."

கட்டைக்கு முகத்தில் யாரோ சூடான தண்ணீரை ஊற்றினது போல இருந்தது.

வெளியே வந்ததும் அவள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். "நான் கூட்டிட்டேன் அண்ணே," என்றாள். "என் கையாலயே கூட்டி லாரியில ஏத்திட்டேன்."

"விடு," என்றார் புருஷன். "தெரிஞ்சா செஞ்சே?"

"தெரியாமத்தான் செஞ்சேன். தெரியாம செஞ்சா மட்டும் திரும்பி வந்துடுமா?"

மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சித்தி, எல்லாத்தையுமா அள்ளினீங்க? எதாவது மிச்சம் வச்சீங்களா?"

"எட்டு குவியல். அப்புறம் மண்ணு. அப்புறம் கம்பு, ரெண்டு துண்டு." விரல் விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "கம்பு மட்டும்தான்."

"என்ன சித்தி?"

"தலை இல்லை. துடைப்பத்தோட தலை. கம்புதான் கிடந்துச்சு. அந்தக் குச்சிங்களை நான் எடுக்கவே இல்லை."

"எங்கயாவது ஓரமா விழுந்திருக்கும்."

"எந்த ஓரம்?" கட்டைக்குக் கோபம் வந்தது. "நான் கூட்டின ரோடுடி அது. சிக்னல் வரைக்கும் ஒரு குச்சி கிடையாது. கிடந்தா எனக்குத் தெரியாம எங்க போகும்? அது ரோட்டுல விழவே இல்லை." எழுந்தாள். "அண்ணே, அந்த வேன் எங்க நிக்குது?"

*

ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் மதில் ஓரம் வண்டிகள் நின்றன. நசுங்கிய பைக்குகள், கண்ணாடி இல்லாத ஒரு கார், முன்சக்கரம் வளைந்த பள்ளிக்கூடத்துச் சைக்கிள் ஒன்று. சைக்கிளின் கூடையில் செடி முளைத்திருந்தது. கடைசியில் வேன் நின்றது. அதன் பக்கத்தில் பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு ஒருத்தன், அந்த டிரைவர் இல்லை, பக்கெட்டும் துணியுமாகக் கழுவிக்கொண்டிருந்தான். கூரையை முடித்துவிட்டு முன்கண்ணாடிக்கு வந்திருந்தான்.

"எதுக்குப்பா கழுவுறே?" என்று கேட்டாள் கட்டை.

"சாயங்காலம் வண்டி ரிலீஸ். முதலாளி கழுவி எடுத்துட்டு வரச் சொன்னாரு. நீ யாரு?"

கட்டை தரையில் உட்கார்ந்தாள், பிறகு மல்லாந்து படுத்து, தலையை பம்பருக்கு அடியில் விட்டாள். எண்ணெய் சொட்டின மண். உள்ளே இருட்டு. கண் பழகக் கொஞ்ச நேரம் ஆனது. பம்பருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில், நசுங்கிய தகரம் கவ்விக்கொண்டு, குச்சிகள் தெரிந்தன. ஒரு கட்டு. குச்சிகளின் நுனி ஒரே பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தது. நெட்டை எப்போதும் இடது பக்கமாகத்தான் இழுப்பாள். அந்தக் குச்சிகளைச் சுற்றிக் கறுப்பு டியூப் வளையம்.

கட்டை கையை விட்டு அதைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏய், எழுந்திரு! என்ன பண்றே?" வேன்காரன் பக்கெட்டை வைத்தான்.

"பாப்பா, போட்டோ எடு," என்றது வேனுக்கு அடியிலிருந்து குரல். "நிறைய எடு. அண்ணே, போய் ஸ்டேஷன்ல கேஸ் எழுதுற ரைட்டரைக் கூட்டிட்டு வாங்க. வரமாட்டேன்னு சொன்னா இங்க ஒருத்தி வண்டிக்கு அடியில கிடக்கிறான்னு சொல்லுங்க. வருவாரு."

வேன்காரன் அவள் காலைப் பிடித்து இழுக்கப் பார்த்தான். மகள் போனை அவன் பக்கம் திருப்பினாள். "இழு. அதையும் எடுக்கிறேன்." அவன் கையை விட்டுவிட்டான்.

ஸ்டேஷன் ரைட்டர் வந்தார். நரைத்த மீசை, காதில் பேனா. சாப்பாட்டில் பாதியில் எழுந்து வந்தவர். கையில் ஈரம் இருந்தது.

"ஏம்மா, வெளிய வாம்மா. ஏற்கனவே ஒரு கேஸ் போதாதா எனக்கு?"

"நீங்க குனிஞ்சு பாருங்க சார். பார்த்தா வர்றேன்."

"என்ன இருக்கு?"

"அவ வேலை இருக்கு."

ரைட்டர் முனகிக்கொண்டே குந்தி உட்கார்ந்தார். டார்ச் கேட்டார். மகள் போன் விளக்கைக் காட்டினாள்.

"துடைப்பம்," என்றார்.

"துடைப்பம்தான். கையில துடைப்பத்தை வச்சுக்கிட்டு எவ சார் ரோட்டைக் கடக்கிறா?"

"இது அந்தம்மாவோடதுன்னு என்ன அத்தாட்சி? ஊர்ல ஆயிரம் துடைப்பம்."

புருஷன் பக்கத்தில் வந்தார். மண்டியிட்டு ஒரு விரலை நீட்டினார். "அந்த வளையம் நான் வெட்டினது. பழைய டியூபு. அதுல ஒரு ஒட்டு இருக்கும் பாருங்க. எல்லாக் கடையிலயும் வட்டமா வெட்டுவாங்க. நான் ஆறு மூலையா வெட்டுவேன். அப்பதான் ஓரம் தூக்காது. முப்பது வருஷமா அப்படித்தான்." மூச்சு வாங்கினார். "அவளுக்குக் கம்பு நீளம். தலை ஆடுதுன்னு சொன்னா. அதனால ரெண்டு வளையம் போட்டுக் கொடுத்தேன்."

மகள் விளக்கை நகர்த்தினாள். ரைட்டர் பார்த்தார். இரண்டு வளையம் இருந்தது. ஒன்றில் தபால்தலை அளவுக்கு ஒரு ஒட்டு. மூலைகளை வாய்க்குள் எண்ணினார்.

அவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். வேன்காரன் மெதுவாக, "சார், முதலாளி ஏற்கனவே உங்ககிட்ட பேசிட்டாருன்னு..." என்று ஆரம்பித்தான்.

"நீ வாயை மூடு," என்றார் ரைட்டர். பிறகு கட்டையிடம், "அறிக்கையில பாதசாரின்னு எழுதியாச்சும்மா," என்றார்.

"பாதசாரின்னா என்ன சார்?"

"நடந்து போறவங்க."

"அவ எங்கயும் போகலை. கூட்டினா. அப்படி எழுதுங்க."

"எழுதினதை அடிக்க முடியாது."

"அடிக்காதீங்க. பக்கத்துல எழுதுங்க. எழுதி இதை எடுத்துக் கட்டி சீல் வையுங்க. அதுவரைக்கும் என் கை இதை விடாது. நாளைக்கு வந்து பார்த்தா அந்த இடமும் சுத்தமா இருக்கும். சுத்தம் பண்றதைப் பத்தி எனக்குத் தெரியும் சார்."

ரைட்டர் அவளையும், மகளின் போனையும், மதிலுக்கு மேல் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்த நாலைந்து தலைகளையும் பார்த்தார். உள்ளே குரல் கொடுத்தார். ஒரு போலீஸ்காரர் கடப்பாரையும் பழைய காகித உறையும் கொண்டுவந்தார். தகரத்தை நெம்பியதும் துடைப்பத் தலை கட்டையின் கையோடு வந்தது. அவள் வெளியே நகர்ந்து எழுந்து உட்கார்ந்தாள். தலைமுடி முழுக்க எண்ணெய் மண். உதிர்ந்திருந்த குச்சிகளையும் ஒன்று விடாமல் பொறுக்கி உறைக்குள் போட்டாள்.

ரைட்டரின் மேஜையில் வாக்குமூலம் எழுத முக்கால் மணி நேரம் ஆனது. கட்டை சொல்லச் சொல்ல அவர் எழுதினார். வரிசையில் நின்றது, நாலு முறை விரல் வைத்தது, மேஸ்திரி சொன்னது, ஏழு குவியல் முழுசாகவும் எட்டாவது பாதியாகவும் இருந்தது, அதைத் தானே கூட்டி முடித்தது.

"இதையும் எழுதணுமா?" என்றார் ரைட்டர். "தடயத்தை அழிச்சேன்னு உன்மேலயே திருப்புவாங்க."

"எழுதுங்க. நான் செஞ்சதுதானே."

"ஒளிர்ற சட்டை போட்டிருந்தாங்களா?"

"அது அட்டைப்பெட்டிக்குள்ள போட்டிருக்குது. அலமாரியில. அதையும் எழுதுங்க."

மகள் வாங்கிப் படித்துக் காட்டினாள். கட்டை கண்ணை மூடிக் கேட்டாள். "இன்னொரு தடவை படி," என்றாள். இரண்டாம் முறை நடுவில் நிறுத்தினாள். "எட்டு குவியல்னு இல்லையே. சில குவியல்னு இருக்கு."

"எல்லாம் ஒண்ணுதாம்மா," என்றார் ரைட்டர்.

"உங்களுக்கு ஒண்ணு. எட்டுன்னு போடுங்க."

அவர் பேனாவைக் காதிலிருந்து எடுத்துத் திருத்தினார்.

மை டப்பாவைத் திறந்தார்கள். கட்டை கட்டைவிரலை அழுத்தி, காகிதத்தில் உருட்டி வைத்தாள். ரைட்டர் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கோடு இல்லை, சுழி இல்லை. நீல மையில் ஒரு மொழுமொழுப் பொட்டு.

"ரேகையே இல்லையேம்மா."

"அதைத்தான் சார் இவ்வளவு நேரமா சொல்லிக்கிட்டு இருக்கேன்."

அவள் மற்ற விரல்களையும் ஒவ்வொன்றாக மையில் தோய்த்து வைத்தாள். பத்தும் பத்துப் பொட்டு. இடது சுண்டுவிரலின் ஓரத்தில் மட்டும் இரண்டு மெல்லிய கோடு விழுந்தது. ரைட்டர் அதைச் சுற்றி வட்டம் போட்டுக் கீழே கையெழுத்திட்டார்.

"இது கோர்ட்டுக்குப் போகும்," என்றார். "எப்போன்னு என்னைக் கேக்காதே."

"கேக்கலை. ஒரு நகல் கொடுங்க."

*

மறுநாள் காலை ஐந்து மணிக்கே கட்டை வராந்தாவில் நின்றாள். வரிசையில் முதல் ஆள். மேஸ்திரி வந்து விளக்கைப் போட்டார். அவருக்கு ஸ்டேஷன் சேதி முந்தின சாயங்காலமே போயிருந்தது. முகம் கொடுக்கவில்லை.

கட்டை விரலை வைத்தாள். சிவப்பு.

"மீண்டும் முயற்சிக்கவும்."

மறுபடி வைத்தாள். மறுபடி சிவப்பு. விரல் இடுக்கில் நீல மை போகாமல் இருந்தது.

"சரி, சரி. போய் ரோட்டைப் பாருங்க," என்றார் மேஸ்திரி. "எட்டு மணிக்கு வந்து வைக்கலாம்."

"இல்லை," என்றாள் கட்டை. "விழட்டும். விழுந்தப்புறம் போறேன்."

"என்ன?"

"அவளையும் எட்டு மணிக்குத்தான் வரச் சொன்னீங்க. நான் ரோட்டுல இருந்தா வேலையில இருக்கேன்னு இது சொல்லணும். சொல்லாம நான் படி இறங்க மாட்டேன்."

மேஸ்திரி சிரிக்கப் பார்த்தார். "நேத்து பெரிய ஆளாயிட்டீங்க போல. காண்ட்ராக்டர் காதுக்குப் போச்சுன்னா இருக்கிற வேலையும் போயிடும்."

"போனா போகுது தம்பி. வேலையில இல்லைன்னு நீங்கதானே சொல்றீங்க. இல்லாத வேலை எங்க போகும்?"

வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள். மேஸ்திரிக்கு முகம் சிவந்தது. "நீ ஒதுங்கு. அடுத்த ஆள் வாங்க. சுருட்டை, நீ வந்து வை."

சுருட்டைமுடிக்காரிக்கு இரண்டு கைக்குழந்தைகள். வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான். அவள் கட்டையின் முதுகைப் பார்த்தாள். துடைப்பத்தைத் தரையில் ஊன்றினாள்.

"அவங்க முன்னால நிக்கிறாங்க. அவங்க முடிக்கட்டும்."

"நான் சொல்றேன், வா."

"வரிசைன்னா வரிசைதானே சார். நீங்கதான் இடிச்சுக்கிட்டு நிக்கக் கூடாதுன்னு சொல்வீங்க."

மேஸ்திரி அவளுக்கு அடுத்தவளைப் பார்த்தார். அவள் துடைப்பத்தில் இல்லாத முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தாள். அதற்கு அடுத்தவள் கூரையைப் பார்த்தாள். கடைசியில் நின்றவள், "அந்த அலமாரிச் சாவியும் அப்படியே எடுத்துட்டு வாங்க சார்," என்றாள். யார் சொன்னது என்று அவர் தேடினார். தெரியவில்லை.

கட்டை விரலைப் புடவையில் துடைத்து வைத்தாள். "மீண்டும் முயற்சிக்கவும்." முடியில் தேய்த்து வைத்தாள். "மீண்டும் முயற்சிக்கவும்." ஊதி வைத்தாள். அவசரமே இல்லை. மேஸ்திரி கைக்குட்டையால் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்தார். நீலம் கைக்குட்டையில் வந்தது. அவருடைய போன் அடித்தது. எடுத்து, "இதோ, கிளம்பிட்டாங்க சார்," என்று சொல்லி வைத்தார். திரும்பவும் அடித்தது.

வெளியே விடிந்துவிட்டது. பெரிய ரோட்டில் முதல் பஸ்கள் போகும் சத்தம் கேட்டது. நடுச்சுவர் ஓரம் நேற்றைய மணல் அப்படியே கிடந்தது.

ஆறு மணிக்குப் பெட்டி ஒரு முறை கீச்சிட்டது. குரல் நின்றது. சின்னத் திரையில் வராதவர்களின் பட்டியல் வழக்கம்போல ஓடத் தொடங்கியது. பத்தொன்பது பெண்களும் துடைப்பத்தைப் பிடித்தபடி அதன் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண் ஒன்று, வரவில்லை. எண் இரண்டு, வரவில்லை. எண் மூன்று, வரவில்லை. நிற்காமல் போய், நெட்டையின் பதினேழையும் தாண்டி, இருபது வரைக்கும் ஓடி, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தது.